எஃப் யாருக்குச் சொந்தம்?

வேர்டு, எக்செல், பிரவுசர், பிடிஎஃப் படிக்கிற நிரல் என்று எதைத் திறந்தாலும் கண்ட்ரோல்-எஃப் தட்டினால் தேடல் பெட்டி வரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கைக்கே தெரியும். ஆனால் அலுவலகங்களில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் கிளாசிக் அவுட்லுக்கில் அதே விசையைத் தட்டிப் பாருங்கள். எதையும் தேடாது. திறந்திருக்கும் மடலை வேறொருவருக்கு ஃபார்வர்டு பண்ணத் தயாராகிவிடும்.

இது வெறும் எரிச்சல் சமாச்சாரம் இல்லை. ஃபார்வர்டு திறந்ததும் கர்சர் போய் நிற்கிற இடம் பெறுநர் கட்டம். நாம் மடலுக்குள் தேட நினைத்தது ஒருவருடைய பெயர் என்று வைத்துக்கொள்வோம். திரையைப் பார்க்காமல் பெயரை அடித்து எண்டரும் தட்டிவிட்டால், பழைய முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் அவுட்லுக் அந்தப் பெயருக்குரிய முகவரியை அங்கேயே நிரப்பிவிடும். யாரைப் பற்றி அந்த மடலில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடினோமோ, அவருக்கே அந்த மடலை அனுப்ப இன்னும் ஒரு கிளிக்தான் பாக்கி. சம்பளப் பேச்சு, புகார் மாதிரி மடல்களை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஒரு கிளிக் தூரம் எவ்வளவு குறைவு என்று புரியும்.

அப்போ அவுட்லுக்கில் தேடுவது எப்படி? மடல்களுக்கு நடுவே தேட கண்ட்ரோல்-ஈ அல்லது எஃப்3. திறந்து வைத்த ஒரு மடலுக்குள் சொல்லைத் தேட எஃப்4. தேதி, அனுப்புநர் என்று பல நிபந்தனை போட்டுத் தேட கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப். ஊரே ஒரு விசையில் செய்வதற்கு இங்கே மட்டும் ஏன் இத்தனை சுற்று?

இதற்கு மைக்ரோசாஃப்டுக்குள்ளிருந்தே ஒரு விளக்கம் இருக்கிறது. அங்கே நீண்டகாலமாகப் பொறியாளராக இருக்கும் ரேமண்ட் சென் தன் பதிவில் எழுதியது. 1995. விண்டோஸ் 95-க்கு அப்போதைய சங்கேதப் பெயர் சிகாகோ. அதோடு சேர்ந்து உருவான எக்ஸ்சேஞ்ச் என்கிற மின்னஞ்சல் நிரலுக்கு, சிகாகோ தாதாவை நினைத்து, கபோன் என்று பெயர். பிற்பாடு அவுட்லுக் 97 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அந்த எக்ஸ்சேஞ்சில் முதலில் கண்ட்ரோல்-எஃப் ஒழுங்காகத் தேடத்தான் செய்தது. வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்த்த ஒருவர் குறை சொன்னார்: தான் முன்பு பழகிய மின்னஞ்சல் நிரலில் கண்ட்ரோல்-எஃப் ஃபார்வர்டு, இதிலும் அப்படியே வேண்டும் என்று. அந்தச் சோதனையாளரின் பெயர் பில் கேட்ஸ். விசை மாறியது.

கதையைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். முதலாளியின் கைப்பழக்கம் ஊர் தலையில் விடிந்தது என்று. எனக்கு அது பாதிக் கதை என்றுதான் படுகிறது. மின்னஞ்சலின் பழைய நிரல்களைப் பார்த்தால், கேட்ஸ் கேட்டது ஒன்றும் விநோதமான ஆசை இல்லை.

யூனிக்ஸ் பக்கம் போவோம். 1980-களில் டேவ் டெய்லர் எழுதிய எல்ம் என்ற மின்னஞ்சல் நிரலில் எஃப் தட்டினால் ஃபார்வர்டு. தேட வேண்டுமா, சாய்கோடு (/). வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கிய பைன் நிரலிலும் எஃப் என்றால் ஃபார்வர்டுதான். தேடலுக்கு டபிள்யூ, அதாவது 'எங்கே இருக்கு' என்ற கேள்வியின் முதல் எழுத்து. எல்ம் வழியில் 1995-இல் வந்த மட்-டிலும் எஃப் ஃபார்வர்டு, சாய்கோடு தேடல். 2004-இல் வந்த ஜிமெயிலில் விசைக் குறுக்குவழிகளை இயக்கிப் பாருங்கள். எஃப் ஃபார்வர்டு பண்ணும், சாய்கோடு தேடல் பெட்டிக்குக் கூட்டிப்போகும். அப்படியே அந்த வம்சம்!

அந்தச் சாய்கோட்டுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கென் தாம்சன் யூனிக்ஸுக்காக எழுதிய எட் என்ற எடிட்டரில், தேட வேண்டிய சொல்லைச் சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள். அதிலிருந்து பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டருக்குப் போனது. ஜிமெயிலில் அடுத்த மடலுக்கு ஜே, முந்தைய மடலுக்கு கே என்று இருப்பதும் விஐ கொடுத்த சீதனம்தான். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த முனையம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு, அம்புக்குறி மட்டும் விரல்களில் தங்கிவிட்டது.

இன்னொரு பக்கம் ஆவணம் எழுதுகிறவர்களின் உலகம். 1978-இல் வந்த வேர்டுஸ்டாரில் கண்ட்ரோல்-க்யூ தட்டி எஃப் தட்டினால் தேடல். ஆவணக்காரர்களுக்கு எஃப் என்றால் ஃபைண்ட். அவர்கள் யாருக்கும் எதையும் ஃபார்வர்டு பண்ண வேண்டியிருக்கவில்லை, அதனால் எழுத்துக்குப் போட்டியே இல்லை.

ஆக இரண்டு குடும்பம். இரண்டுமே தன் முக்கிய வேலைக்கு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டது. தனித்தனி வீட்டில் இருந்தவரை சண்டை இல்லை. மின்னஞ்சல் நிரல், வேர்டு, எக்செல் எல்லாம் ஒரே ஆஃபீஸ் பெட்டியில் அடுக்கப்பட்டு, ஒரே ஆள் நாளுக்கு நூறு தடவை இங்கேயும் அங்கேயும் தாவ ஆரம்பித்ததும்தான் வந்தது வில்லங்கம். கேட்ஸ் அந்த வழக்கில் ஒரு பக்கம் தீர்ப்பு சொன்னார், அவ்வளவுதான்.

சரி, தவறான தீர்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும் பிறகு மாற்றியிருக்கலாமே? இங்கே இன்னொரு பழைய கதை உதவும். பெல் லேப்ஸில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் மேக் என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி. அது தொல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலானவர்கள் நண்பர்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த டேப் இன்றைக்கும் நிரலாளர்களை வதைக்கிறது. ஒரு டஜன் பேருக்கே இந்த நிலை என்றால், அவுட்லுக் மாதிரி ஊருலகமே பயன்படுத்தும் நிரலை நினைத்துப் பாருங்கள். இன்று மாற்றினால் முப்பது வருஷமாக ஃபார்வர்டு பண்ணிப் பழகிய கைகள் எல்லாம் திண்டாடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

சில நேரம் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த முடியும். விண்டோஸில் நகலெடுக்க முதலில் கண்ட்ரோல்-இன்சர்ட் இருந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1 கண்ட்ரோல்-சியைக் கொண்டுவந்தபோது பழையதை விரட்டவில்லை. இன்றும் இரண்டும் வேலை செய்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு விசை வைக்கலாம். ஒரு விசைக்கு ஒரே இடத்தில் இரண்டு வேலை கொடுக்க முடியாதே!

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பிரவுசர் குடும்பத்தில் பிறந்த தண்டர்பேர்டு ஆவணக்காரர்கள் பக்கம் நின்றது. அதில் கண்ட்ரோல்-எஃப் மடலுக்குள் தேடும், ஃபார்வர்டுக்கு கண்ட்ரோல்-எல். ஆப்பிள் மெயில் சொத்தைப் பிரித்துக் கொடுத்தது. கமாண்ட்-எஃப் தேடலுக்கு, அதோடு ஷிஃப்டையும் சேர்த்தால் ஃபார்வர்டு. எனக்கு ஆப்பிளின் வழிதான் நியாயமாகப் படுகிறது. காரணம் அழகு இல்லை, ஆபத்து. தேடல் தவறிப்போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, எஸ்கேப் தட்டினால் போச்சு. ஃபார்வர்டு தவறிப்போனால் மடல் வெளியே போய்விடும், திரும்ப அழைப்பதெல்லாம் நம்ப முடியாத காரியம். தவறினால் மீட்க முடியாத வேலைக்கு ஒரு விசை கூடுதலாகத் தட்டச் சொல்வதில் தப்பில்லை. அவுட்லுக்கில் அது தலைகீழாக இருக்கிறது. ஷிஃப்ட் சேர்த்தால் தேடல், சேர்க்காவிட்டால் ஃபார்வர்டு.

அதனால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவுட்லுக்கைக் காட்டும்போது, எஃப்4-ஐயும் கண்ட்ரோல்-ஈயையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். 'உனக்குத் தெரியாதா' என்று கேட்காதீர்கள். அந்தக் கை சரியாகத்தான் பழகியிருக்கிறது, வேறு குடும்பத்தில்.

இதே மாதிரி பங்காளிச் சண்டை கண்ட்ரோல்-எஸ்ஸுக்கும் உண்டு. ஈமேக்ஸில் அது தேடும், வேர்டில் சேமிக்கும், பழைய முனையங்களில் திரையையே உறைய வைத்துவிடும். அதைப் பற்றி இன்னொரு குறிப்பில்.