பெயர் 250, எஞ்சின் 350



இந்த மாதம் ஒரு மோட்டார் சைக்கிளின் கதையைச் சொல்லப்போகிறேன். 1980களில் பிரித்தானிய வீதிகளில் யமஹா நிறுவனத்தின் ஆர்டி 250 எல்சி என்ற சிறிய வண்டி ஏராளமாக ஓடியது. அதன் 250 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 350 சி.சி. எஞ்சினைப் பூட்டும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. பக்கத் தகட்டில் 250 என்று இருக்கும். பத்திரத்திலும் 250 என்றே இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் வேறு.

ஏன் அப்படிச் செய்தார்கள்? எப்படி அது அவ்வளவு சுலபமாக இருந்தது? அதனால் வந்த ஆபத்து என்ன? சட்டம் அதற்கு என்ன பதில் சொன்னது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய பேச்சு. தெற்கு லண்டனில் ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில், இப்படிப்பட்ட வண்டிகள் சிலவற்றை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறு ஊரிலிருந்து வந்த எஞ்சின்

முதலில் ரூ ஸ்ரோக் எஞ்சின் என்றால் என்னவென்று பார்ப்போம். ஊரில் பழைய ஸ்கூட்டருக்குப் பெற்றோலுடன் ஒயிலும் கலந்து ஊற்றியவர்களுக்கு இது புதிதல்ல. கார்களில் இருக்கும் போர் ஸ்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடித்து வலுவைக் கொடுக்கும். ரூ ஸ்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்ரனே மூடித் திறக்கும். பாகங்கள் குறைவு, பாரம் குறைவு, விலையும் குறைவு. புகையும் மணமும் மட்டும் அதிகம்.

இந்த எஞ்சினின் வரலாற்றில் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள ஷோப்பாவ் என்ற சிறிய ஊருக்குப் பெரிய இடம் உண்டு. அங்கேதான் டிகேடபிள்யூ தொழிற்சாலை இருந்தது. அதன் ஆர்டி 125 என்ற சிறிய வண்டியின் வடிவமைப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளுக்குப் போனது. பிரித்தானியாவில் அது பிஎஸ்ஏ பன்ரம் ஆனது. தபால் திணைக்களத்தின் தந்திப் பையன்கள் ஓடித் திரிந்த சிவப்பு வண்டி அதுதான். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதைப் பின்பற்றி ஒரு 125 செய்தது. யப்பானில் யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளான வைஏ 1 உம் அதே வடிவமைப்பைப் பின்பற்றியதுதான்.

போருக்குப் பின் ஷோப்பாவ் கிழக்கு ஜேர்மனிக்குள் போனது. தொழிற்சாலையின் பெயர் எம்சட் என்று மாறியது. அங்கே வால்ரர் காடன் என்ற பொறியியலாளர் பந்தய வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். ரூ ஸ்ரோக்கின் பெரிய குறை, எரியாத புதுக்கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே போய்விடுவது. காடன் புகைக்குழாயின் நடுப்பகுதியை வயிறு போல அகலமாக்கி, முனையை ஒடுக்கினார். வெளியே போகும் அமுக்க அலை அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளியது. 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைவலு கொடுத்தது. ஒரு லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு அது. காற்றை அமுக்கிச் செலுத்தும் கருவி எதுவும் இல்லாமல் அந்த அளவை எட்டிய முதல் எஞ்சின் அதுவே.

அந்த அறிவு எல்லை தாண்டிய விதம் எங்களைப் போன்றவர்கள் அறிய வேண்டிய கதை. எம்சட் அணியின் ஓட்டுநரும் பொறியியலாளருமான ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961 செப்ரெம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்திலிருந்து நாடு திரும்பவில்லை. பேர்லின் சுவர் எழும்பி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் மறைத்து மேற்கு ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். டெக்னர் யப்பானின் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருடமே, 1962இல், 50 சி.சி. பிரிவில் சுசுக்கிக்கு அதன் முதல் உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். காடனுடைய உழைப்பைத் திருடினார் என்று ஒரு பக்கம் சொல்கிறது. குடும்பத்தோடு சுதந்திரமாக வாழ விரும்பியவர் கையில் இருந்த ஒரே செல்வத்தை எடுத்துச் சென்றார் என்று மறுபக்கம் சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் எண்ணம். அவர் தொழிலறிவைத் தலைக்குள் வைத்துக்கொண்டு எல்லை கடந்தார். அதை எந்தச் சோதனைச் சாவடியாலும் பறிக்க முடியவில்லை.

அதன்பின் வந்த காலத்தில் யப்பானிய ரூ ஸ்ரோக் வண்டிகள் சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வலுவை எடுத்தன. பந்தயத்தில் கற்றதை வீதிக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்தானிய வீதியில் அதற்கு ஒரு சட்டம் காத்திருந்தது.

சட்டம் பார்த்த எண்

பிரித்தானியாவில் 1960களின் தொடக்கத்திலிருந்து, எல் போர்ட் கட்டிப் பழகுபவர்கள் 250 சி.சி.க்கு மேல் ஓட்ட முடியாது என்ற விதி இருந்தது. 1971இல் இன்னொரு விதி வந்தது. 16 வயதில் 50 சி.சி. மொப்பெட் மட்டும், அதுவும் மிதி உள்ளதாக இருக்க வேண்டும். யமஹா உடனே எவ்எஸ் 1 ஈ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதில் பெயருக்கு மிதி இருந்தது, ஓட்டமோ சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டம். அதனால் 1977இல் புதிய மொப்பெட்டுகளின் வேகம் மணிக்கு 30 மைல் என்று கட்டுப்படுத்தப்பட்டது.

250 சி.சி. விதிக்கும் அதே கதிதான். சட்டம் எஞ்சினின் கனவளவை மட்டுமே அளந்தது. அந்தக் கனவளவிலிருந்து எவ்வளவு வலு வரும் என்று கேட்கவில்லை. சட்டம் எழுதிய காலத்து 250 வண்டிகள் பெரும்பாலும் சாதுவானவை. 1980இல் வந்த ஆர்டி 250 எல்சியோ 35 குதிரைவலு கொடுத்தது. மணிக்கு 100 மைல் அளவுக்குப் போனது. 17 வயதுப் பையன் கட்டாயப் பயிற்சி எதுவும் இல்லாமல், எல் போர்ட்டைக் கட்டிக்கொண்டு அதை வீதிக்குக் கொண்டுபோகச் சட்டம் இடங்கொடுத்தது.

பத்து மில்லிமீற்றர்

அதோடு யமஹா ஆர்டி 350 எல்சி என்ற அண்ணனையும் விற்றது. இரண்டும் தண்ணீரால் குளிரூட்டப்படும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள். பிஸ்ரன் மேலும் கீழும் ஓடும் தூரம் இரண்டிலும் 54 மில்லிமீற்றர்தான். சிலிண்டரின் அகலம் 250இல் 54, 350இல் 64. இந்தப் பத்து மில்லிமீற்றர் வித்தியாசத்தால் கனவளவு 247இலிருந்து 347 சி.சி.க்கு ஏறியது. வலு 35இலிருந்து 47 குதிரைவலுவானது.

எஞ்சினைத் தாங்கும் இடங்களும் ஒரே மாதிரி. ஆகவே 350 எஞ்சின் 250இன் சட்டத்துக்குள் வெட்டாமல் ஒட்டாமல் போய் உட்காரும். வேறு வண்டிகளில் எஞ்சின் மாற்றுவதென்றால் தாங்கிகள் செய்ய வேண்டும், செயின் நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும், புகைக்குழாயை வளைக்க வேண்டும். இதில் அந்தத் தொல்லைகள் இல்லை. விபத்தில் சிக்கிய 350 ஒன்றின் எஞ்சின் கிடைத்தால், வீட்டுக் கொல்லையிலேயே வேலை முடிந்துவிடும்.

முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் பத்திரத்தைத் திருத்தி ஒழுங்காகச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல் போர்ட் பையன்கள் சிலர் சொல்லாமல் செய்தார்கள். பொலிஸுக்கும் அது 250. காப்புறுதிக்கும் அது 250.

எஞ்சினோடு வராதவை

கராச்சில் நான் கண்டது இதுதான். எஞ்சின் மாறிய வண்டியில் முன் பிறேக் மாறியிருக்காது. பிரித்தானியாவில் விற்ற 350இன் முன் சக்கரத்துக்கு இரண்டு டிஸ்க் பிறேக். 250க்கு ஒன்றுதான். யமஹா அதைக் கஞ்சத்தனத்தால் செய்யவில்லை. கணக்குப் பார்த்தே செய்தது.

அந்தக் கணக்கு எளியது. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், வண்டியை நிறுத்தப் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறும். அதோடு ரூ ஸ்ரோக் எஞ்சினுக்கு இன்னொரு குணமும் உண்டு. கையை விட்டால் போர் ஸ்ரோக் வண்டி தானாகவே இழுத்துப் பிடிக்கும். ரூ ஸ்ரோக் அப்படிப் பிடிக்காது, உருண்டுகொண்டே போகும். நிறுத்தும் வேலை முழுவதும் பிறேக்கின் தலையில் விழும்.

மற்றது, எஞ்சின் இறுகுவது. புகைக்குழாயை மாற்றிவிட்டுக் காபுறேற்றரில் பெற்றோல் போகும் ஜெற்றை மாற்றாமல் விட்டால், கலவையில் பெற்றோல் குறையும். பிஸ்ரன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். யமஹாவில் ஒயிலைத் தனிப் பம்ப் ஒன்று அனுப்பும். அதன் கம்பியைச் சரியாகப் பூட்டாவிட்டாலும் இதே முடிவுதான். வேகமாகப் போகும்போது பின்சக்கரம் அப்படியே இறுகும். பழைய ஓட்டிகள் ஒரு விரலை எப்போதும் கிளச்சில் வைத்திருந்தது இதற்காகத்தான்.

ஒருமுறை எங்களிடம் வந்த வண்டியில் எல்லாம் பளபளப்பாக இருந்தது. எஞ்சின் 350, முன்னால் ஒரே டிஸ்க், அதன் தகடும் தேய்ந்து மெலிந்திருந்தது. கொண்டுவந்தவர் கேட்டது இன்னும் கொஞ்ச வேகம். என் முதலாளி ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை வாசலுக்குத் தள்ளி, முன் பிறேக்கைப் பிடித்துக் காட்டினார். பிடி கைப்பிடி வரை வந்து முட்டியது. முதலில் பிறேக், பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். அந்த இளைஞர் ஒத்துக்கொண்டார். 350இன் முன்பகுதியையே தேடி எடுத்துப் பூட்டினோம்.

சட்டம் கற்றுக்கொண்டது

1983இல் பழகுபவர்களுக்கான எல்லை 125 சி.சி.க்கு இறங்கியது. கனவளவோடு 12 குதிரைவலு என்ற அளவும் சேர்ந்தது. அந்த வருடம் யூலைக்குப் பிறகு எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது 250இன் காலம் முடிந்திருந்தது. ஆனால் வண்டிகள் முடியவில்லை. கைமாறிக் கைமாறி, மலிவு விலைக்கு எங்கள் பையன்களிடமும் சில வந்தன. 1990இல் அடிப்படைப் பயிற்சி கட்டாயமானது.

2013இலிருந்து உள்ள விதியைப் பாருங்கள். 17 வயதில் 125 சி.சி., 11 கிலோவாற், அதோடு ஒரு கிலோ பாரத்துக்கு 0.1 கிலோவாற்றுக்கு மேல் போகக்கூடாது. 19 வயதில் 35 கிலோவாற். அந்த வண்டி, வலுக் குறைக்கப்படாத நிலையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வலுவுள்ள வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கக்கூடாது. இப்போது சட்டம் கனவளவை மட்டும் பார்ப்பதில்லை. வலுவையும் பாரத்தையும் வண்டியின் பூர்வீகத்தையும் கேட்கிறது. இந்த விதிகளை வாசிக்கும்போது, 30 வருடங்களாக எஞ்சினை ஒளித்த பையன்களுக்குச் சட்டம் வரிவரியாக எழுதிய பதில் போல எனக்குத் தோன்றும்.

இன்று ஏன் இது தேவை

புகைக் கட்டுப்பாடுகளால் இப்படிப்பட்ட ரூ ஸ்ரோக் வீதி வண்டிகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. பழையவை சேகரிப்பவர்களின் பொருளாகி விலை ஏறிவிட்டன. எங்கள் பிள்ளைகளில் சிலருக்கும் அந்த ஆசை உண்டு. அதில் தவறில்லை. ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளை எங்கும் பிழைக்கும்.

வாங்கப் போகும்போது எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். 4எல்1 என்று தொடங்கினால் 250. 4எல்0 என்று தொடங்கினால் 350. பிறகு லொக் புக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எஞ்சினோ கனவளவோ மாறினால் டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓடி ஒருவரை இடித்தால், காயப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கலாம். இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெற்றோரே, பிள்ளை இப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தால் உடனே சத்தம் போடாதீர்கள். சத்தம் போட்டால் அடுத்த வண்டி நண்பன் வீட்டுக் கராச்சில் நிற்கும். அருகே போய், எஞ்சின் எது என்று கேளுங்கள். பிறகு முன் பிறேக்கைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் வேலை தெரிந்த பிள்ளை என்றால், அதைத்தான் முதலில் மாற்றியிருக்கும்.

அடுத்த மாதம் இன்னொரு பேச்சில் சந்திப்போம். வணக்கம்.