கடல் கடந்து வந்தவரும் மாடியில் நின்று பார்த்தவரும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்திலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் புதுச்சேரி. பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதே புதுச்சேரிக்கு வந்து சேர பிரான்சு நாட்டு வானியலாளர் லெ ஜெந்தீலுக்கு எட்டு வருடங்கள் ஆயின!

அவர் வந்தது வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளி நேர்கோட்டில் வரும்போது சூரியன் மீது ஒரு சிறு கரும்பொட்டாக நகரும். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். பிறகு நூறு வருடங்களுக்கு மேல் கிடையாது. பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இதன் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், அந்த வித்தியாசத்தை வைத்துச் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம் என்று 1716-ல் எட்மண்ட் ஹாலி எழுதினார். ஹாலி 1742-ல் இறந்துவிட்டார். அடுத்த வாய்ப்பு 1761-ல்தான்.

பிரெஞ்சு அறிவியல் அகாதமி சார்பில் லெ ஜெந்தீல் 1760 மார்ச்சில் கப்பலேறினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலபார் கரைக்கு அருகே வந்தபோதுதான் அவருக்குச் சேதி தெரிந்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று வெள்ளியைப் பார்த்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது! ஆனால் ஊசல் கடிகாரம் கப்பலில் வேலை செய்யாது, கப்பல் எங்கே நிற்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியாது. கணக்குக்கு உதவாத காட்சி.

அதே நாளில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் என்ன நடந்தது? கவர்னர் மாளிகை மாடியில் தொலைநோக்கியோடு நின்றார் வில்லியம் ஹர்ஸ்ட். இவர் தொழில் பாதிரியார், வானியல் ஆர்வம்தான். கவர்னர் பிகாட்டும் கூட இருந்தார். வெள்ளி சூரிய விளிம்பைத் தொடுவதற்குச் சில நொடிகள் முன்பே அங்கே ஒரு மங்கலான நிழல் தெரிந்ததாக ஹர்ஸ்ட் குறித்து லண்டனுக்கு அனுப்பினார்.

லெ ஜெந்தீல் ஊர் திரும்பவில்லை. எட்டு வருடம்தானே, 1769 வரை இருந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். முதலில் மணிலா போனார். அங்கே ஸ்பானிஷ் கவர்னரோடு ஒத்துவரவில்லை. அகாதமியும் புதுச்சேரியே நல்லது என்றது. 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டினார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். காத்திருந்த நாட்களில் தமிழர்களின் பஞ்சாங்கக் கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று, சோழிகளை வைத்துக் கணக்கிட்ட ஒரு தமிழர் சொன்னதில் பிழை 41 வினாடிகள். ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணையில் 68 வினாடிகள்! இந்தப் பயணத்தில் உருப்படியான வரவு இதுதான் என்று தோன்றுகிறது.

1769 ஜூன் 3 இரவு வானம் நன்றாக இருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் மேகம். பிறகு சூறைக்காற்று. வெள்ளி கடந்து முடித்தது காலை ஏழு மணி வாக்கில். அதன்பின் நாள் முழுக்க வெயில் அடித்தது. மணிலாவிலோ காலையிலிருந்தே தெளிவான வானம்.

பாதிரியார் ஹர்ஸ்ட்? அவர் அந்த முறை கிரீன்விச்சில் இருந்தார், அதையும் பார்த்துவிட்டார். இந்தியாவுக்கு மீண்டும் கிளம்பிய அவரது கப்பல் அரோரா, கடலில் காணாமல் போனது.

லெ ஜெந்தீல் 1771-ல் பிரான்சு சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடத் தயாராக இருந்தார்கள். அகாதமி இடமும் கைமாறியிருந்தது. அதைத் திரும்பப் பெற்றார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெரிய தொகுதிகளில் பயண நூல் எழுதினார்.

அடுத்தது 1874 டிசம்பர் 9. சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். விசாகப்பட்டினத்தில் நரசிங்க ராவ் தன் வீட்டு ஆய்வுக்கூடத்திலிருந்தே பார்த்துக் குறிப்பெடுத்தார். உலகெங்கும் அரசுக் குழுக்கள் முதல்முறையாகப் புகைப்படக் கருவிகளை இதற்குத் தூக்கிச் சென்றன. ஆனால் படங்களில் சூரிய விளிம்பு மங்கலாக விழுந்ததால் எதிர்பார்த்த துல்லியம் கிடைக்கவில்லை.

2004 ஜூன் 8 அன்று தமிழ்நாட்டில் முழு நிகழ்வும் பகலிலேயே நடந்தது. சூரிய வடிகட்டி மாட்டிய சிறிய தொலைநோக்கியும் டிஜிட்டல் கேமராவும் இருந்தவர்கள் படமெடுத்தார்கள். இல்லாதவர்கள் பைனாகுலர் வழியாக வெள்ளை அட்டையில் சூரியனை விழ வைத்துப் பார்த்தார்கள். 2012 ஜூன் 6 அன்று காலையில் மறுபடியும் ஒரு முறை. இனி வெள்ளி வருவது 2117-ல்.

அதற்கு முன் புதன் இருக்கிறது. 2032 நவம்பர் 13 அன்று நண்பகல் தாண்டியதும் தொடங்கி மாலை நாலரை மணி வரை புதன் சூரியனைக் கடக்கும். இந்தியாவின் பெரும்பகுதியில் முழுதும் தெரியும். பொட்டு மிகச் சிறியது, வடிகட்டியோடு தொலைநோக்கி கட்டாயம் வேண்டும். ஒரே ஒரு கவலை, நவம்பர் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலம்.