சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை: கிருமியை ஆய்வகம் அடையாளம் காணும் விதம்

சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த வகையைச் சேர்ந்தது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டறிவதே சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை ஆகும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு அன்றே கிடைத்துவிடும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு முதல் மூன்று நாட்கள் ஆகும். இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள் என்று புறநோயாளர் பிரிவில் அன்றாடம் கேட்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி, கண்ணால் காணும் அளவுக்குப் பெருகியாக வேண்டும். அதற்கு ஓர் இரவேனும் தேவை. அந்தக் காலத்தைக் குறைப்பது ஆய்வகத்தின் கையில் இல்லை. ஆனால் முடிவு சரியாக அமைவதில் நோயாளிக்குப் பெரும் பங்கு உண்டு.

மாதிரி எடுக்கும் முறை

நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கும் முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் மீந்திருந்த மாத்திரையையோ மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையோ இரண்டு வேளை உட்கொண்ட பின் மாதிரி கொடுத்தால், கிருமி உடலில் இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். அறிக்கை "வளர்ச்சி இல்லை" என்று வரும், நோயோ தொடரும். ஏற்கெனவே மருந்து உட்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

பிறப்புறுப்பைத் தூய நீரால் கழுவிய பின், முதலில் வரும் சிறுநீரை வெளியேவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடிக்க வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாகத் துடைப்பது அவசியம். வீட்டில் கழுவிய பழைய மருந்துப் புட்டி இதற்கு உதவாது. குப்பியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் அன்று. வெயிலில் பேருந்துப் பயணம் செய்த குப்பியில் தோலிலிருந்து கலந்த சில கிருமிகளும் பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்குப் பையில் தேங்கிய சிறுநீரைப் பராமரிப்பாளர் எடுத்துத் தரக் கூடாது. செவிலியர் குழாயிலிருந்தே எடுப்பார்.

குளிர்க்காய்ச்சல், விலாப்புற வலி, தொடர் வாந்தி ஆகியவை இருந்தால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாதிரி எடுத்த கையோடு அங்கு சிகிச்சை தொடங்கப்படும். முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மருந்து மாற்றப்படும்.

வளர் ஊடகம்

கிருமிக்கு உணவாகும் சத்துகளை அகார் என்னும் கூழில் கலந்து தட்டில் உறையச் செய்வதே வளர் ஊடகம். அகார் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது; கடைகளில் சைனாகிராஸ் என்று விற்கப்படுவதும் இதுவே. 1880களின் தொடக்கத்தில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேவுக்கு இதைப் பரிந்துரைத்தவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. அதற்கு முன் பயன்பட்ட ஜெலட்டின் உடல் வெப்பநிலையில் உருகிவிடும். சமையலறையில் அவர் அறிந்திருந்த அகார் உருகவில்லை.

ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை அளவுக் கம்பியால் தொட்டு, தட்டில் பரப்பி, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பர். தனித்து விழுந்த ஒவ்வொரு கிருமியும் மறுநாள் புள்ளி போன்ற ஒரு கூட்டமாகத் தெரியும். நூறு கூட்டங்கள் இருந்தால், ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் என்று பொருள். அறிக்கையில் காணும் பெரிய எண் இவ்வாறு பெறப்பட்டதே.

எல்லாத் தட்டுகளும் ஒன்றல்ல. மெக்கான்கி அகாரில் பித்த உப்பும், பால் சர்க்கரையான லாக்டோஸும், நிறங்காட்டியும் உள்ளன. குடல்வாழ் கிருமிகள் பித்த உப்பைத் தாங்கி வளரும். வேறு பல வளரா. லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலமாக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்பாகத் தோன்றும். கிளெப்சியெல்லாவும் அந்நிறமே, ஆனால் கொழகொழப்பாக இருக்கும். புரோட்டியஸ் நிறமற்றது.

நிறம் ஒரு குறிப்பு மட்டுமே. உறுதிசெய்ய வேதிப் பரிசோதனைகள் தேவை. இண்டோல் பரிசோதனையில் சிவப்பு வளையம் தோன்றினால் அது ஈ.கோலைக்கு ஆதரவான சான்று. சிட்ரேட் ஊடகம் பச்சையிலிருந்து நீலமாக மாறுவது பெரும்பாலான கிளெப்சியெல்லாவின் இயல்பு. யூரியாவை விரைந்து சிதைப்பது புரோட்டியஸ். சிறுநீரகக் கற்கள் சிலவற்றுக்கும் அதே செயல்தான் காரணம். சில ஆய்வகங்களில் இப்பணியைத் தானியங்கிக் கருவிகள் செய்கின்றன. அடிப்படை மாறவில்லை.

மருந்து உணர்திறனும் அறிக்கையும்

கிருமி பரப்பிய முல்லர்-ஹின்டன் அகாரின் மேல் மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளை வைப்பர். மருந்து வேலை செய்யும் இடத்தில் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் உண்டாகும். அதன் விட்டத்தை அளந்து, மருந்துக்கு எதிரே "எஸ்" என்றால் கட்டுப்படும் என்றும் "ஆர்" என்றால் கட்டுப்படாது என்றும் எழுதுவர்.

பல மருந்துகளுக்கு "எஸ்" இருக்கையில், பெரிய வெற்றிடம் உள்ளதோ குறைந்த எண் உள்ளதோ சிறந்த மருந்து எனக் கருத வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. நைட்ரோஃபியூரான்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராததால் சிறுநீரகத் தொற்றுக்கு, "எஸ்" என்று இருந்தாலும், அது தரப்படுவதில்லை. அறிக்கையைக் கொண்டு நேரே மருந்துக் கடைக்குச் செல்வது ஆபத்தானது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

"கலப்பு வளர்ச்சி" என்பது பெரும்பாலும் மாதிரி மாசுபட்டதையே குறிக்கும். மீண்டும் எடுக்க நேரலாம். ஒரு லட்சம் என்ற எல்லையும் இறுதியானதன்று: எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் உள்ள பெண்ணுக்கு அதற்குக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத்தக்கது. மாறாக, எந்த அறிகுறியும் இல்லாத முதியவருக்கோ நீரிழிவு உள்ளவருக்கோ கிருமி வளர்ந்திருப்பது மட்டும் சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்யவிருப்போரும் இதற்கு விலக்கு. அறிகுறி இல்லாவிடினும் அவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும்.