நெரையில் நின்ற சகுந்தலா

திரைக்குப் பின்னே ஒரு திரை – 17

ஓடைப்பட்டியில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களிடம் 'நெரை' என்றால் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. களையெடுக்க இறங்கினால் ஆளுக்கொரு நெரை. ஒருத்தி முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. பத்துப் பேரும் ஒரே கோட்டில் நகர வேண்டும். போன வாரம் மதியச் சோற்றுக்குத் திராட்சைப் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண் செல்போனில் பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்றை ஓடவிட்டாள். நடுவில் கதாநாயகி. பின்னால் எட்டுப் பெண்கள், ஒரே மாதிரிப் பாவாடை, ஒரே மாதிரி ஜடை. எட்டிப் பார்த்த பெரியம்மா கேட்டார்: "நடுவுல ஆடுறவள ஊருக்கே தெரியும். நெரையில நிக்கிதுகளே, அதுக யாரு பெத்த புள்ளைக?"

இந்த வாரக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். முழுப் பதிலாக இருக்காது. அந்த எட்டுப் பேர் மாதிரி நின்றவர்களில் ஒருவரைப் பற்றியாவது சொல்ல முடியும்.

1948-இல் எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' வந்தது. அந்தப் படத்தின் முரசு நடனத்தைப் பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்கவில்லை. பெரிய பெரிய முரசுகள், அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள். நாயகி டி.ஆர்.ராஜகுமாரியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. முரசின் மேல் மாதக்கணக்கில் கால் நோக ஒத்திகை பார்த்தவர்கள் பெயரில்லாமலே வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு கோடம்பாக்கத்தில் 'குரூப் டான்சர்' என்பது ஒரு தொழிலாகவே நிலைத்தது.

அந்தத் தொழிலின் கண்டிப்பு நம் நெரையின் கண்டிப்பேதான். 35 எம்.எம். பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இருபது விநாடி ஷாட் என்றால் 30 அடி. வரிசையில் ஒரு பெண் கையை அரைத் தாளம் பிந்தித் தூக்கினாலும் அந்த 30 அடியும் வீண். பிலிமைக் காசாக எண்ணிச் செலவழித்த காலம் அது. அதனால் குழுவில் ஆடும் பெண்ணுக்கு முதல் பாடமே, தனியாகத் தெரியாதே என்பதுதான். பக்கத்திலிருப்பவளைவிட நன்றாக ஆடினாலும் தப்பு, மோசமாக ஆடினாலும் தப்பு. கண்ணில் படாமல் இருப்பதற்காகவே வருடக்கணக்கில் பழகிய ஒருத்தி, ஒருநாள் கேமராவுக்கு நேராக வந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம்!

சேலம் அரிசிபாளையத்துச் சகுந்தலா அப்படி வந்து நின்றவர். சென்னைக்கு வந்து, திருவாங்கூர் சகோதரிகள் என்று புகழ்பெற்ற லலிதா, பத்மினி, ராகினியின் நாட்டியக் குழுவில் சேர்ந்தார். பின்னர் படங்களில் குழு நடனம், அதன்பின் சின்னச் சின்ன வேடங்கள். 1960-இல் வெளியான 'படிக்காத மேதை'யில் இருக்கிறார். 1964-இல் 'கை கொடுத்த தெய்வ'த்திலும் இருக்கிறார். சிவாஜியையும் சாவித்திரியையும் பார்த்துத் திரும்பிய கண்களுக்கு அவர் தெரிந்திருக்க மாட்டார்.

வடக்கே இதே பாதையில் ஒருவர் முன்னால் போயிருந்தார். ரங்கூனில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாயோடு பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஹெலன், 1951-இல் 'ஆவாரா' படத்தில் குழு நடனப் பெண்ணாக ஆடியவர். 1958-இல் 'ஹவுரா பிரிட்ஜ்' ஒரே பாட்டில் அவரை நாடறியச் செய்தது. ஏழு வருடம் அவர் காத்திருந்தார். சகுந்தலா காத்திருந்தது பத்து வருடம்.

1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். இங்கே ஜெய்சங்கரைத் 'தென்னக ஜேம்ஸ் பாண்ட்' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். வேதாவின் இசையில் வந்த அந்தத் துப்பறியும் படத்தில் அவருக்கு ஜோடி, சகுந்தலா. படத்தை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய நிறுவனம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' உருவான இடம். பிழைப்புக்காகச் சென்னைக்குப் போன சேலத்துப் பெண்ணை, கடைசியில் நடுவில் நிறுத்தியது அவருடைய சொந்த ஊர்க் கம்பெனிதான்.

அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும். பதினாறு, பதினேழில் கதாநாயகியாகிவிடும் காலத்தில் அது தாமதம்தான். ஆனால் அந்தப் படம் அவருக்குக் கொடுத்த சொத்து வேறு. பெயரில்லாத வரிசையில் நின்றவருக்கு, பெயருக்கு முன்னால் ஒரு பட்டமே கிடைத்தது. 'வெண்ணிற ஆடை' நிர்மலா போல, 'சி.ஐ.டி.' சகுந்தலா. படத்தின் கதை மறந்தவர்களுக்கும் அந்த மூன்றெழுத்து மறக்கவில்லை.

அதற்காக வானம் வசப்பட்டுவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'என் அண்ணன்', 'இதய வீணை' என்று எம்.ஜி.ஆர். படங்களும், 'வசந்த மாளிகை', 'நீதி', 'ராஜராஜ சோழன்' என்று சிவாஜி படங்களும் அடுத்தடுத்து வந்தன. ஆனால் பெரும்பாலும் கவர்ச்சி வேடம், வில்லனின் கூட்டாளி, இல்லையென்றால் இரண்டாம் நாயகி. ஆடத் தெரிந்தவள் என்றால் கிளப்பில்தான் ஆட வேண்டும் என்று அன்றைய சினிமா முடிவு கட்டி வைத்திருந்தது. வரிசையிலிருந்து வெளியே வந்தவரை இன்னொரு வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சகுந்தலா அதற்குள்ளேயே நின்று வேலை செய்தார். 600 படங்களுக்கு மேல் நடித்தார் என்று சொல்கிறார்கள். வயதான பிறகு சின்னத்திரைத் தொடர்களில் அம்மாவாக, பாட்டியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தார். ஒருநாளும் வேலையை விட்டுவிடாத அந்தப் பிடிவாதம் குழு நடனக்காரிக்கே உரியது. வரிசையில் ஆள் குறைந்தால் பாட்டே நின்றுவிடும் என்று பழகிய உடம்பு அது.

2024 செப்டம்பர் 17 அன்று பெங்களூருவில் தன் 84-ஆவது வயதில் காலமானார். இரங்கல் செய்திகளில் எல்லாம் 'சி.ஐ.டி.' என்ற பட்டம் தவறாமல் இருந்தது. குரூப் டான்சராகத் தொடங்கியவர் என்ற ஒரு வரியும் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த வரிதான் அவருடைய வரலாற்றின் அஸ்திவாரம். பட்டம் கிடைத்த ஒரு சகுந்தலாவுக்குப் பக்கத்தில், அதே தாளத்துக்குக் கால் வைத்த எத்தனையோ பெண்கள் கடைசிவரை வரிசையிலேயே நின்று, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, முட்டி வலியோடு ஓய்ந்துபோனார்கள். அவர்கள் காலில்தான் நம் பாட்டுகள் நிற்கின்றன.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே செல்போனை வாங்கி, பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த முறை அவர் கண் நடுவில் போகவே இல்லை. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நின்ற பெண்ணின் மேல் விரலை வைத்து, "இந்தப் புள்ள நல்லா ஆடுதுடா" என்றார். பிறகு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தன் நெரைக்குப் போனார்.

அடுத்த வாரம்: வரிசைக்கு முன்னால் கைத்தாளம் போட்டு நின்ற டான்ஸ் மாஸ்டர்கள்.

(தொடரும்)