பிஹைண்ட் தி ஐஸ் (ஏமி கிராண்ட் இசைத்தொகுப்பு)

பிஹைண்ட் தி ஐஸ் என்பது அமெரிக்கக் கிறித்தவப் பாப் பாடகி ஏமி கிராண்ட் பாடி, 1997 செப்டம்பர் 9 அன்று வெளியான இசைத்தொகுப்பு. பொதுச் சந்தையில் ஏ அண்ட் எம் நிறுவனம் இதை வெளியிட்டது. கீத் தாமஸ், வெயின் கர்க்பாட்ரிக் ஆகிய இருவரும் தயாரித்தார்கள். மொத்தம் 12 பாடல்கள். உறவில் ஏற்படும் விரிசல், தனிமை, கைநழுவிப்போன அன்பு, ஆறுவதற்கு நாளெடுக்கும் மனக்காயம் ஆகியவையே இவற்றின் பொருள். கடவுளையோ இயேசுவையோ பெயர் சொல்லிப் போற்றும் பாடல் ஒன்றுகூடத் தொகுப்பில் இல்லை. அதனாலேயே எதைக் கிறித்தவ இசை என்று அழைப்பது என்ற கேள்வி அமெரிக்கக் கிறித்தவ இசையுலகில் பெரிதாக எழுந்தது. துதிப்பாடல்களால் புகழ்பெற்ற ஒருவர் தம் துயரத்தை மறைக்காமலும், அதற்கு அவசரமாக ஆறுதல் சொல்லி முடிக்காமலும் பாடியதே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு.

பாடகியின் பின்னணி

ஏமி கிராண்ட் 1960 நவம்பர் 25 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். வழிபாட்டில் இசைக்கருவிகளைப் பயன்படுத்தாத கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். பக்கவாத்தியம் இல்லாமல் பல குரல்கள் இசைந்து பாடும் பாமாலைகளே அவர் கேட்டு வளர்ந்த இசை. பள்ளி மாணவியாக இருந்தபோதே, 1977 இல், முதல் தொகுப்பு வெளிவந்தது.

அன்றைய கிறித்தவ இசைச் சந்தை தனி உலகமாக இயங்கியது. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் எழுந்த இயேசு இயக்கத்து இளைஞர்கள் கிதாரும் டிரம்ஸும் கொண்டு பாடத் தொடங்கியதில் பிறந்தது அது. கிறித்தவப் புத்தகக் கடைகள், கிறித்தவ வானொலி நிலையங்கள், 1969 முதல் வழங்கப்பட்டுவரும் டவ் விருதுகள் ஆகியவை அதைத் தாங்கி நின்றன. 1982 இல் வந்த ஏஜ் டு ஏஜ் தொகுப்பின் வழியாக ஏமி அந்த உலகின் முதல் பெரும் நட்சத்திரமானார். அத்துறையில் ஒரு தனிப் பாடகரின் தொகுப்பு பிளாட்டினம் சான்று பெற்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் பாடகரும் பாடலாசிரியருமான கேரி சாப்மனை மணந்தார். ஏமியின் தொடக்ககால வெற்றிப் பாடல்களில் ஒன்றான மை ஃபாதர்ஸ் ஐஸ் சாப்மன் எழுதியது.

1985 இல் வந்த அன்கார்டட் தொகுப்பிலிருந்து அவர் பொதுப் பாப் இசைப் பக்கமும் வரத் தொடங்கினார். அதன் அட்டையில் அவர் அணிந்திருந்த சிறுத்தைப் புள்ளி மேற்சட்டைகூடச் சிலருக்கு உறுத்தியது. 1986 இல் பாடகர் பீட்டர் செட்டேராவுடன் பாடிய பாடலும், 1991 இல் பேபி பேபியும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தன. பேபி பேபி இடம்பெற்ற ஹார்ட் இன் மோஷன் தொகுப்பு அமெரிக்காவில் 50 இலட்சம் படிகளுக்கான சான்று பெற்றது. அந்தப் பாடலின் காணொளியில் அவர் ஓர் இளைஞருடன் கொஞ்சிப் பேசுவதுபோல நடித்ததைச் சபைக்காரர்கள் பலர் கண்டித்தார்கள். மகிழ்ச்சியைப் பாடியதற்கே இத்தனை கண்டனம் என்றால், துயரத்தைப் பாட அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

உருவாக்கம்

1994 இல் வந்த ஹவுஸ் ஆஃப் லவ் தொகுப்புக்கு மூன்று ஆண்டுகள் கழித்து இது வெளியானது. இடைப்பட்ட காலத்தில் ஏமியின் மணவாழ்வு நெருக்கடியில் இருந்தது. அது அப்போது ஊரறிந்த செய்தியாக இல்லை. பாடல்கள் வந்த பிறகே, சொல்லப்படாத ஏதோ ஒன்று அவருடைய வாழ்வில் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கூர்ந்து கேட்டவர்கள் உணர்ந்தார்கள்.

இரு தயாரிப்பாளர்களும் அவருக்கு நெடுநாள் பழக்கமானவர்கள். கீத் தாமஸ் பேபி பேபி பாடலுக்கு இசையமைத்துத் தயாரித்தவர். கீபோர்டை மையமாகக் கொண்ட மெருகேறிய பாப் ஒலி அவருடைய பாணி. வெனசா வில்லியம்ஸ் பாடிய சேவ் தி பெஸ்ட் ஃபார் லாஸ்ட் பாடலின் தயாரிப்பாளரும் அவரே. வெயின் கர்க்பாட்ரிக் அடிப்படையில் கிதார் கலைஞர், பாடலாசிரியர். எரிக் கிளாப்டன் பாடி 1997 இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது பெற்ற சேஞ்ச் தி வேர்ல்ட் பாடலை எழுதிய மூவரில் ஒருவர். ஒருவருடைய மெருகும் மற்றவருடைய எளிமையும் இத்தொகுப்பில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆனாலும் ஒட்டுமொத்தமாகக் கேட்கும்போது மேலோங்கி நிற்பது மின்னிணைப்பு இல்லாத கிதாரின் நாட்டார் சாயல்தான். ஹார்ட் இன் மோஷனின் நடனத் தாளம் இங்கே பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஏமியின் குரலும் தாழ்ந்த சுருதியில், பக்கத்தில் அமர்ந்து பேசுவது போன்ற அளவில் ஒலிக்கிறது.

பாடல்கள்

பாடல்களின் வரிசை: நோபடி ஹோம், ஐ வில் பி யுவர் ஃபிரெண்ட், லைக் ஐ லவ் யு, டேக்ஸ் எ லிட்டில் டைம், கிரை எ ரிவர், டர்ன் திஸ் வேர்ல்ட் அரவுண்ட், கியூரியஸ் திங், எவ்ரி ரோட், லீவ் இட் ஆல் பிஹைண்ட், மிஸ்ஸிங் யு, தி ஃபீலிங் ஐ ஹாட், சம்வேர் டவுன் தி ரோட்.

தொடக்கப் பாடலே வெறுமையைப் பற்றியது. அடுத்து வரும் ஐ வில் பி யுவர் ஃபிரெண்ட் மாறாத நட்புக்கு வாக்குக் கொடுக்கிறது. லைக் ஐ லவ் யு விடாப்பிடியான அன்பைச் சொல்கிறது. ஐந்தாவதான கிரை எ ரிவர் கைகூடாமல் போன ஓர் உறவை எண்ணி அழுகிறது. ஒவ்வொன்றும் ஒரு முகமாக நிற்கும் இந்தப் பாடல்களை ஒரே கதையாகக் கோத்துவிட முடியாது. ஒரு நாள் நம்பிக்கை, மறு நாள் அழுகை என்று மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதை இந்த வரிசை அப்படியே வைத்திருக்கிறது.

முதல் தனிப்பாடலாக வெளியான டேக்ஸ் எ லிட்டில் டைம் தொகுப்பின் போக்கை நன்கு காட்டும். ஏமியும் கர்க்பாட்ரிக்கும் சேர்ந்து எழுதியது இது. மனம் உடைந்து கிடக்கும் ஒருவரிடம், மீண்டும் காலூன்ற நாளாகும், பொறுத்துக்கொள் என்று ஒரு தோழி சொல்வதே பாடலின் பொருள். அதில் டைட்டானிக் கப்பல் ஓர் உவமையாக வருகிறது. அவ்வளவு பெரிய கப்பலை ஒரு நொடியில் திருப்பிவிட முடியாது, வாழ்க்கையும் அப்படித்தான். ஜேம்ஸ் கேமரூனின் டைட்டானிக் படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். பாடல் அதற்கு முன்பே வானொலியில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. கிறித்தவப் பாப் பாடல்களில் மூன்றாவது சரணத்துக்குள் துன்பம் தீர்ந்து வெற்றி முழங்குவது வழக்கம். இந்தப் பாடல் அந்த வழக்கத்தை விட்டு, எந்த முடிவையும் வாக்களிக்காமல், காத்திருக்க மட்டும் சொல்கிறது. துயரத்தில் இருப்பவருக்கு உண்மையில் உதவுவதும் அதுவே.

டர்ன் திஸ் வேர்ல்ட் அரவுண்ட் பாடல் தனி மனிதத் துயரிலிருந்து ஊரார் துயருக்குச் செல்கிறது. தொகுப்பின் பெயர் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் உள்ளே எல்லோரும் உடைந்த கனவுகளைச் சுமப்பவர்களே என்பது பாடலின் சாரம். தன் வலியை ஒப்புக்கொண்டவருக்கே அடுத்தவர் வலி கண்ணில் படும் என்ற எண்ணம் இதில் அழுத்தமாக வெளிப்படுகிறது.

இறுதிப் பாடலான சம்வேர் டவுன் தி ரோட் மட்டுமே வெளிப்படையான நம்பிக்கைக்கு அருகில் வருகிறது. கேள்விகளுக்கு விடை கிடைக்கும், ஆனால் இப்போதல்ல, பாதையின் ஏதோ ஓர் இடத்தில். அங்கே தாங்கிக்கொள்ளக் கரங்கள் காத்திருக்கும் என்கிறது அது. யாருடைய கரங்கள் என்று பெயர் சொல்வதில்லை. விசுவாசிகள் புரிந்துகொண்டார்கள், மற்றவர்களுக்கும் பாடல் மூடிய கதவாக இருக்கவில்லை.

வெளியீடும் வரவேற்பும்

தொகுப்பு பில்போர்ட் 200 பட்டியலில் 8 ஆவது இடம்வரை சென்றது. 5 இலட்சம் படிகளுக்கான தங்கச் சான்று பெற்றது. டேக்ஸ் எ லிட்டில் டைம் ஹாட் 100 பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்தது. முந்தைய இரு தொகுப்புகளின் விற்பனையோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ஏமி எழுதியவற்றுள் மிக நேர்மையானது, முதிர்ச்சியானது என்ற பெயர் இதற்கு நிலைத்தது.

1998 இல் சிறந்த பாப் இசைத்தொகுப்புக்கான டவ் விருதும் கிடைத்தது. பெயர் சொல்லிக் கடவுளைப் பாடாத ஒரு தொகுப்புக்குக் கிறித்தவ இசை விருதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. விருதை வழங்கும் நற்செய்தி இசைச் சங்கம் அதே ஆண்டில் ஒரு வரையறையை வகுத்தது. அதன்படி ஒரு பாடலின் சொற்கள் விவிலிய உண்மையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். அல்லது கடவுளுக்குத் துதியாக இருக்க வேண்டும். அல்லது கிறிஸ்துவின் வழியாகக் கடவுளோடு கொண்ட உறவுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அல்லது கிறித்தவ உலகநோக்கிலிருந்து பிறந்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ஓர் இசை வகையை அதன் ஒலியால் அல்லாமல் சொற்களின் கொள்கையால் வரையறுக்கும் முயற்சி அது. தாளமும் சுருதியும் வைத்துப் புளூஸ் எது, ஜாஸ் எது என்று பிரிக்கலாம். ஒருவர் பாடும் துயரம் விசுவாசத்திலிருந்து எழுந்ததா என்பதை எந்தக் குழுவும் அளந்து சொல்லிவிட முடியாது. இத்தொகுப்பு அந்த வரையறையின் எல்லைகளைத் தெளிவாகக் காட்டியது.

மணமுறிவும் பின்விளைவுகளும்

1998 டிசம்பரில் ஏமியும் சாப்மனும் பிரிந்தார்கள்; 1999 இல் மணவிலக்குப் பெற்றார்கள். 2000 மார்ச்சில் ஏமி நாட்டுப்புற இசைப் பாடகர் வின்ஸ் கில்லை மணந்தார். ஹவுஸ் ஆஃப் லவ் தொகுப்பின் தலைப்புப் பாடலை இருவரும் சேர்ந்து பாடியிருந்தார்கள். மணவிலக்குச் செய்தி சபைகளில் கடும் விமர்சனத்தை எழுப்பியது. சில கிறித்தவ வானொலி நிலையங்கள் அவருடைய பாடல்களை ஒலிபரப்புவதை நிறுத்தின.

இந்நிகழ்வுகளுக்குப் பிறகு பலர் பாடல்களை வாக்குமூலம்போல வாசித்து, எந்த வரி யாரைக் குறிக்கிறது என்று தேடினார்கள். அந்தத் தேடல் தொகுப்புக்கு நியாயம் செய்யாது. முறிந்த உறவின் உள்விவரம் அதில் உள்ளவர்களுக்கே உரியது. பாடல்கள் யார்மீதும் பழி போடுவதில்லை, யாரையும் நிரபராதி என்று காட்டவும் முயல்வதில்லை. நண்பரை இழந்தவர், நோயாளியின் அருகில் இருப்பவர், வீட்டுக்குள்ளேயே தனித்துப்போனவர் என யாரும் தம் பாடலாக எடுத்துக்கொள்ள முடிவது அதனால்தான்.

புலம்பல் மரபும் இத்தொகுப்பும்

விவிலிய மரபில் துயரப் பாடலுக்குப் பெரிய இடம் உண்டு. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுப் பாடல்கள். எருசலேமின் அழிவை எண்ணி அழும் புலம்பல் ஒரு தனி நூலாகவே உள்ளது. 88 ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வசனம்கூட இறுதியில் இல்லை. அப்படியிருந்தும் அதைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை, வழிபாட்டு நூலுக்குள்ளேயே வைத்தார்கள். விவிலிய அறிஞர் வால்டர் புரூகமன் 1986 இல் எழுதிய கட்டுரையில், திருச்சபை வழிபாட்டிலிருந்து புலம்பல் மறைந்ததால் கடவுளோடு உண்மையாகப் பேசும் உறவே நலிகிறது என்று வாதிட்டார்.

1990களின் கிறித்தவப் பாப் இசை பெரும்பாலும் துதியையும் ஊக்கத்தையும் விற்றது. புலம்பலுக்கு அந்தச் சந்தையில் இடம் குறைவு. அந்த இடத்தைத்தான் இத்தொகுப்பு மீட்டெடுத்தது. அளவுகோல் விவிலியமே என்றால், கடவுளின் பெயரே வராத இந்தப் பாடல்கள் சங்கீதக்காரனின் பக்கத்தில் உட்காரத் தகுதியுடையவை. எஸ்தர் நூலின் எபிரேயப் பிரதியிலும் கடவுளின் பெயர் வருவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

பிற்காலம்

ஏமி கிராண்ட் 2002 இல் பழைய பாமாலைகளைக் கொண்ட தொகுப்போடு கிறித்தவ இசைக்குத் திரும்பினார். மொசைக் என்ற தன்வரலாற்று நூல் 2007 இல் வந்தது. 1997 தொகுப்பின் இறுதிப் பாடலின் பெயரையே 2010 இல் வந்த சம்வேர் டவுன் தி ரோட் தொகுப்புக்கும் வைத்தார். அதில் இடம்பெற்ற பெட்டர் தேன் எ ஹல்லேலூயா பாடல், உடைந்துபோனவர்களின் நேர்மையான அழுகை கடவுளுக்கு அல்லேலூயாவைவிட உகந்தது என்ற கருத்தைப் பாடுகிறது. கிறித்தவ வானொலிகள் அதை விரும்பி ஒலிபரப்பின. கிராமி பரிந்துரையும் பெற்றது.

2022 இல் கென்னடி மையத்தின் மதிப்புறு விருது அவருக்கு வழங்கப்பட்டது. சமகாலக் கிறித்தவ இசைத்துறையிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் கலைஞர் அவரே. பிஹைண்ட் தி ஐஸ் 25 ஆண்டுகளைக் கடந்ததையொட்டிக் கூடுதல் பதிவுகளுடன் புதிய பதிப்பும் வெளிவந்தது. வெளியான காலத்தில் இது கிறித்தவ இசைதானா என்று வாதிட்ட அதே துறையில், மனச்சோர்வையும் ஐயத்தையும் இழப்பையும் வெளிப்படையாகப் பாடுவது இன்று குற்றமாகக் கருதப்படுவதில்லை. அந்த மாற்றத்துக்கு வழி திறந்தவர்களில் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் ஏமி கிராண்ட். அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல.