ரவுண்டப், புல் அவுட், ஹாண்ட் ஓவர்: வன்னி படிச்ச ஆங்கில வினைகள்

எங்கட கலைப்பீட ஆங்கிலப் பாடத்தில் 'பிரேஸல் வேர்ப்' என்றொரு பகுதி வரும். 'கிவ் அப்' என்றால் கைவிடுவது, 'புற் ஓஃப்' என்றால் ஒத்திவைப்பது. ஒரு வினை, பக்கத்தில ஒரு சின்னச் சொல். இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்திருந்தாலும் சேர்ந்தால் என்ன பொருள் என்று ஊகிக்க ஏலாது. அதனால் பட்டியலைப் பாடமாக்குகிறோம், சோதனை முடிய மறந்துவிடுகிறோம். வன்னியில் இருந்து வந்த எங்களில் கனபேர், 'எங்களுக்கு இங்கிலிஸ் வராது' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்.

ஆனால் இந்த வினைகள் வகுப்பறைக்கு முன்பே எங்கட வீடுகளுக்குள் வந்துவிட்டன. 'லைற்றை ஓஃப் பண்ணு' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஸ்விற்ச் ஓஃப்'. நாங்கள் வினையைக் கழற்றிவிட்டு, சின்னச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, 'பண்ணு' என்று எங்கட வினையைப் பூட்டிவிட்டோம். 'தம்பியை ரியூசனில ட்ரொப் பண்ணு' என்பதில் மறுவளம்: வினை நின்றது, 'ஓஃப்' போய்விட்டது. இது பிழையான ஆங்கிலமல்ல, தமிழ் தன் இலக்கணப்படி எடுத்துக்கொண்ட சொல்.

சில வினைகள் முழுசாக வந்தன. அவை வந்த வழி வேறு.

'ரவுண்டப்' என்ற சொல்லை எங்கட அம்மம்மாமாருக்கும் தெரியும். பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட அதைச் சொல்வார்கள். விடிய எழும்பினால் ஊரைச் சுற்றி ஆமி நிற்கும். எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கோ கோயில் வெளிக்கோ வரச்சொல்லி, முகம் மூடிய 'தலையாட்டி' முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். தலை ஆடினால் அந்த ஆள் போனதுதான். 1987 முதல் 1990 வரை இருந்த இந்திய இராணுவக் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும் இலங்கை இராணுவத்தாலும் இது நடந்தது. 'சுற்றிவளைப்பு' என்று பேப்பர் எழுதியது, சனம் 'ரவுண்டப்' என்றது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் மாடுகளை வளைத்து ஓரிடத்தில் சேர்க்கிற வேலைக்கு வழங்கிய சொல் அது. மாடு சாய்த்துக்கொண்டு வந்து பட்டியில் அடைக்கிற வன்னிச் சனத்துக்கு அந்தச் சொல் மாட்டோடு வரவில்லை, துவக்கோடு வந்தது.

இரண்டாவது வினை 'புல் அவுட்'. 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவையடுத்து, ஐ.நா. ஊழியர்களும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று சனம் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் நின்று கேட்டது. ஆங்கிலத்தில் இதை 'புல் அவுட்' என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த வினைக்கு, போனவர் மட்டும் போதும். எங்கட ஆக்கள் இதை 'விட்டிட்டுப் போயிட்டினம்' என்றுதான் சொல்வார்கள். அதில் விடப்பட்டவரும் இருக்கிறார். தங்கட தோல்வியை ஐ.நா.வின் உள்ளக ஆய்வு அறிக்கை ஒப்புக்கொள்ள 2012 ஆயிற்று.

இந்த இடத்தில் எங்கட பக்கத்தையும் சொல்லவேண்டும். 'இயக்கத்துக்குப் போனவன்' என்பதும் 'இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனவன்' என்பதும் ஒன்றல்ல. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் இரண்டாவது வசனம்தான் கூடக் கேட்டது. பிறகு நினைவுகூரும்போது பலரும் முதலாவதையே எழுதுகிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும், வினையை மாற்றினால் வரலாறு மாறிவிடும்.

மூன்றாவது 'ஹாண்ட் ஓவர்'. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த சனத்தில், தங்கட பிள்ளையை, புருசனை இராணுவத்திடம் ஒப்படைத்த குடும்பங்கள் உண்டு. 'கையில பிடிச்சுக் குடுத்தனாங்கள்' என்று அம்மாமார் சொல்லிவருகிறார்கள். ஆணைக்குழுக்களின் முன் அது 'ஹாண்ட் ஓவர்' என்று ஆங்கிலமானது. பரீட்சைக்கு அதன் பொருள் 'ஒப்படை' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் இந்த வினைக்கு மூன்று பேர் வேண்டும்: கொடுத்தவர், கொடுக்கப்பட்டவர், வாங்கியவர். கொடுத்தவர் இன்றும் றோட்டில் இருக்கிறார். கொடுக்கப்பட்டவரின் படம் அவர் கையில் இருக்கிறது. வாங்கியவர் பதில் சொல்லவில்லை.

இதே சண்டை தமிழுக்குள்ளும் நடந்தது. ஆங்கிலத்தின் 'அப்', 'ஓஃப்' செய்கிற வேலையில் பாதியைத் தமிழில் துணைவினைகள் செய்கின்றன: போ, விடு, போடு, ஆக்கு. 'காணாமல் போனோர்' என்றால் ஏதோ தாங்களாகவே எங்கோ போய்விட்டதுபோலக் கிடக்கு. 2016 இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அலுவலகத்தின் பெயரிலும் 'காணாமற்போன ஆட்கள்' என்றே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய குடும்பங்கள் தங்கட உறவுகளை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். 'போ' போய் 'ஆக்கு' வந்தது. ஒரு துணைவினை மாறியதும், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது வசனத்துக்குள் வந்துவிட்டது. இலக்கணப் புத்தகம் பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

எங்கட தலைமுறை ஆங்கிலம் படிக்கத்தான் வேணும். வேலைக்காக மட்டுமல்ல. அம்மாமாரின் சாட்சியங்களை மொழிபெயர்க்கப்போவதும், அறிக்கைகளை வாசிக்கப்போவதும் நாங்கள்தான். பிரேஸல் வேர்ப் பட்டியலை அடுத்தமுறை பாடமாக்கும்போது ஒவ்வொரு வினையிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்: இதைச் செய்தது ஆர், ஆருக்குச் செய்தது? பரீட்சைத் தாளில் அந்தக் கேள்வி வராது. நாங்கள்தான் கேட்கவேணும்.