தரங்கம்பாடி: கோட்டையும் கோவிலும் நம்ம ஆளுகளும்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கோட்டைக்குத்தான் போவார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கனோடு 1620இல் ஒப்பந்தம் போட்டுக் கடலோரத்தில் டேனிஷ்காரன் கட்டியது. மஞ்சள் சுவர், கீழே பண்டகசாலை, சிறை. மேலே நின்றால் அலைதான். சோழமண்டலக் கடற்கரையில் இப்படியொரு காட்சி அபூர்வம், மறுக்கவில்லை. அருங்காட்சியகத்தில் பீங்கான், நாணயம் எல்லாம் இருக்கிறது. செங்கல் சுமந்தவன், சுண்ணாம்பு குழைத்தவன் யாரென்று சொல்ல ஒரு பலகை கிடையாது. சோற்றுக்கு உழைத்தவனுக்குப் பலகை எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

கோட்டையைவிட நமக்கு முக்கியம், ராஜ வீதியில் இருக்கிற புதிய எருசலேம் ஆலயம். சிலுவை வடிவத்தில் கட்டி 1718இல் திறந்தார்கள். கட்டினது சீகன்பால்கு. 1706இல் வந்திறங்கித் தமிழ் படித்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றியவர். 1719இல் செத்து அந்தக் கோவிலுக்குள்ளேயே அடக்கமானார். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும்.

தெரியாதது வேறு. 1707 மே மாசம் அவர் கையால் முதன்முதல் ஞானஸ்நானம் வாங்கின அஞ்சு பேரும் அடிமைகள். டேனிஷ் எசமான்களின் வீடுகளில் வேலை செய்தவர்கள். லுத்தரன் சபையின் முதல் ஆட்கள் அடிமைச் சனம்தான். ஊரே 1845இல் சேராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு விற்கப்பட்டது என்று பெரிசாகச் சொல்வார்கள். ஊர் விலை போவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே மனுசன் விலை போயிருக்கிறான்.

அடுத்த தலைமுறையில் சபை வளர்ந்தது, சாதியும் கூடவே வளர்ந்தது. கோவிலுக்குள் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். ஆண்டவருக்கு முன்னாலும் சேரி சேரிதான்.

இந்த இடத்தில்தான் இராசநாயக்கன் வருகிறார். பறையர். தஞ்சாவூர் ராஜா படையில் இருந்தவர். தமிழில் அச்சான வேதத்தைத் தானே படித்து இந்தப் பக்கம் வந்தவர். தஞ்சாவூர்ச் சீமையில் உபதேசியாராக ஊர் ஊராகப் போய்ச் சபை சேர்த்தவர். 1733இல் கடலூர்க்காரரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் லுத்தரன் குருவான முதல் உள்நாட்டான் அவர், வெள்ளாளர். அடுத்த பட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது இராசநாயக்கன் பெயரும் அடிபட்டது. தகுதியில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இவர் கையிலிருந்து மற்ற சாதிக்காரர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று பாதிரிமார்கள் யோசித்தார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். அவர் வாயிலிருந்து வந்த வசனம் தீட்டில்லை, கையிலிருந்து வருகிற அப்பம் மட்டும் தீட்டு. இது என்ன கணக்கோ.

வெள்ளைக்காரப் பாதிரிமாரை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள முடியாது. அவர்கள் பயந்தது யாருக்கு? இதே மண்ணின் உயர்சாதிக் கிறிஸ்தவனுக்கு. ஆரோனுக்குப் பட்டம் கொடுத்துச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் எதிர்ப்புக் கிளம்பியது. வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். விட்டுப் போனவர்களில் பலர் பிற்பாடு சேர்ந்த இடம் தரங்கம்பாடி லுத்தரன் பக்கம்தான், அங்கே சாதிக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை என்பதால்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்த ஊரின் பழைய கட்டடங்களுக்கு நல்ல காலம். பழைய வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. ஆளுநர் மாளிகைக்கு டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமே கைகொடுத்தது. செய்யட்டும், நல்லதுதான். ஆனால் சுவரைப் பூசியவர்கள் தரையையும் பார்க்கணும். அந்தக் காலத்துப் பாதிரிமார் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு எழுதி அனுப்பிய கடிதங்களில் இந்தச் சங்கதியெல்லாம் பதிவாகி, அங்கேயே அச்சாகியும் இருக்கிறது. கோவில் வாசலில் சீகன்பால்கு பெயருக்குக் கீழே அந்த அஞ்சு அடிமைகளைப் பற்றி ஒரு வரி, இராசநாயக்கனைப் பற்றி ஒரு வரி தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?